பேரங்காடியைத் தாண்டி ஒரு ஞாயிறு: நகரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி எங்கே?

கோலாலம்பூர் - பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடங்கள் நண்பகலுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. அதே வேளையில், அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்ட சிறுவர் விளையாட்டுத் திடல்கள் பலவற்றில் ஊஞ்சல்கள் ஆளின்றித் தொங்குகின்றன. "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்ற கேள்விக்கு நகரத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் இன்று கிடைக்கும் முதல் பதில் பேரங்காடிதான்.

இதைப் பெற்றோரின் சோம்பல் என்றோ, கைப்பேசி மோகம் என்றோ சொல்லி முடித்துவிடுவது எளிது. உண்மை நிலை வேறு. வீட்டிலிருந்து திடல் எவ்வளவு தூரம், அங்கே நிழல் உண்டா, கழிப்பறை திறந்திருக்கிறதா, தந்தைக்கு எந்த நாளில் ஓய்வு கிடைக்கிறது ஆகியவையே ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் சில குடும்பத்தின் கையில் இருக்கின்றன. சில ஊராட்சி மன்றங்களின் கையில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் திட்டமிடலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது தெளிவாகும்.

தோட்டத்துத் திடலிலிருந்து மாடி வீட்டுக்கு

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வெளியே போவது என்ற ஒன்றைத் தனியாகத் திட்டமிட வேண்டிய தேவை இருந்ததில்லை. லயத்து வாசலில் இறங்கினால் மண். சற்றுத் தள்ளித் திடல், அதன் ஓரத்தில் கோவில், பக்கத்தில் தமிழ்ப்பள்ளி. பந்து விளையாடும் பிள்ளையை யாருடைய தாயாவது பார்த்துக்கொண்டிருப்பார். வறுமையும் வசதிக் குறைவும் தோட்ட வாழ்க்கையில் நிறையவே இருந்தன. ஆனால் ஓடியாட இடமில்லை என்ற குறை பிள்ளைகளுக்கு இருந்ததில்லை.

நகர விரிவாக்கம் அந்த நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டது. 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகத் தேசிய விளையாட்டரங்கம் எழுந்த புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் தோட்டம். கூட்டரசு நிர்வாக மையமான புத்ராஜெயாவின் இடத்தில் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. புக்கிட் கியாராத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் பால் மரம் வெட்டிய நிலத்தில் இன்று குழிப்பந்துத் திடலும் பொதுப் பூங்காவும் இருக்கின்றன.

ஆக, நகரத்தின் புகழ்பெற்ற பசுமை நிலங்கள் சில, தோட்ட மக்கள் வாழ்ந்த நிலங்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வழக்கமான வீடு 700 சதுர அடி, மூன்று அறை. ஐந்தாறு பேர் வாழும் அந்த வீட்டில் பிள்ளைகள் ஓடுவதற்கு இருப்பது வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதை மட்டுமே.

கீழே இறங்கி விளையாடலாமே என்றால், அதிலும் பெற்றோருக்கு அச்சம் உண்டு. 2018 ஜனவரியில் பந்தாய் டாலம் பகுதியில் உள்ள ஒரு பி.பி.ஆர். வளாகத்தில், மேல்மாடியிலிருந்து வீசப்பட்ட நாற்காலி தலையில் விழுந்து 15 வயது இந்திய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, "கீழே போய் விளையாடு" என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்கும் தாய்மார்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

பேரங்காடி ஏன் வெல்கிறது?

பேரங்காடி குடும்பங்களுக்கு ஐந்து வசதிகளை ஒரே கூரையின்கீழ் தருகிறது: குளிர்ச்சி, சுத்தமான கழிப்பறை, உட்கார இடம், காவலர், சாப்பாடு. மழை பெய்தாலும் புகைமூட்டம் வந்தாலும் கவலை இல்லை. பல பேரங்காடிகளின் வாசலிலேயே இரயில் நிலையமும் இருக்கிறது. பாட்டியையும் கைக்குழந்தையையும் ஒன்றாக அழைத்துச் செல்லும் குடும்பம் இவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. ஒரு பூங்காவில் இந்த ஐந்தில் இரண்டு இல்லையென்றாலும் குடும்பம் அங்கே போகாது.

ஆனால் அதற்கான விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வேலைச் சட்டத்தின் வழக்கப்படி அதை 26 நாள்களால் வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. ஐந்து பேர் கொண்ட குடும்பம் பேரங்காடி உணவகத்தில் ஒருவேளை சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பானமும் வாங்கிக் கொடுத்தால் அந்த ஒரு நாள் கூலி போய்விடும். விளையாட்டு இயந்திரங்களுக்கான கட்டணமும், "அப்பா, அதை வாங்கிக் கொடுங்கள்" என்ற கெஞ்சலும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதனால் ஏற்படும் இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. செலவு அதிகம் என்பதால் மாதம் ஒருமுறைதான் வெளியே போக முடிகிறது. மற்ற மூன்று ஞாயிறுகளும் தொலைக்காட்சியோடும் கைப்பேசியோடும் முடிந்துவிடுகின்றன. செலவில்லாத இடமாக இருந்தால் நான்கு வாரமும் போகலாம். பிள்ளைகளின் உடலுக்குத் தேவைப்படுவது அந்தத் தொடர்ச்சிதான்.

உடல்நலக் கணக்கு

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதாவது, பத்துப் பிள்ளைகளில் மூவர். அதே ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனங்களைவிட உயர்ந்து, 31.4 விழுக்காடாக இருந்தது. வீட்டுக்கு ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சமூகத்தில், பிள்ளைகள் ஓடியாடுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏழ்மை இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அதே வீடுகளில் அதிக எடை கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள். சத்துக் குறைவும் உடற்பருமனும் ஒரே மாடியில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இருப்பதே நகர ஏழ்மையின் தன்மை.

5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் திரையின் முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மிகக்கூடாது என்றும் அது சொல்கிறது. திறந்தவெளி வெளிச்சத்தில் கூடுதல் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதும் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. பேரங்காடியின் விளக்கு வெளிச்சம் இதற்கு ஈடாகாது. சூரிய வெளிச்சம், நிழலில் இருக்கும்போதுகூட, அறைக்குள் எரியும் விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

இடத்துக்கு முன் நேரம்

வெளியே போகத் திட்டமிடும்போது பெரும்பாலோர் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த நாட்டின் வானிலையில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது நேரம்.

1982 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒத்துப்போகும்படி முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் காலை 7 மணிக்கு மேல்தான் பெரும்பாலும் உதிக்கிறது. உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 மணியளவில். வெயில் கடுமையாவது அதன் பிறகு சில மணி நேரத்தில். காலை 7.30 மணிக்குத் திடலில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டரை மணி நேரம் இதமான வெளிச்சம் கிடைக்கும். 11 மணிக்குக் கிளம்பும் குடும்பம் நேராக உச்சி வெயிலுக்குள் போகிறது. ஒரே பூங்கா, ஒரே பிள்ளைகள். மூன்றரை மணி நேர வித்தியாசம் அன்றைய நாளை மாற்றிவிடும்.

மாலையை நம்புவதும் கடினம். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் பிற்பகலில் இடிமழை வழக்கம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொருள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்த பின்னரே திடலுக்குத் திரும்ப வேண்டும். மரத்தடியும், பூங்காக்களில் இருக்கும் சுவரில்லாத 'வாக்காஃப்' குடிலும் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. சுவரும் கூரையும் உள்ள கட்டடம் அல்லது கண்ணாடி மூடிய கார்தான் பாதுகாப்பு. 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்ததையும் மறந்துவிட முடியாது. காற்று பலமாக வீசத் தொடங்கினால் முதிர்ந்த மரங்களின் அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

வெப்ப அலைக் காலத்தில் மெட்மலேசியாவின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை செல்சியஸ் பதிவானால் முதல் கட்ட எச்சரிக்கை. 37இலிருந்து 40 வரை இரண்டாம் கட்டம். 40ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தது இந்த எச்சரிக்கைகள் வெறும் சடங்கல்ல என்பதைக் காட்டியது. பிள்ளை சோர்ந்து, தலைசுற்றுகிறது என்றாலோ குமட்டுகிறது என்றாலோ உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடலைக் குளிர்வித்து, தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு தடுமாறினால் 999ஐ அழைக்க வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடுதான் வழிகாட்டி. 50 வரை நன்று, 100 வரை நடுத்தரம், 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது. 100ஐத் தாண்டும்போது பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. வீட்டுக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே கவனம் தேவை.

அதிகாலைக்கும் ஒரு குறை உண்டு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும்தான் அதிகம் கடிக்கும். முழுக்கால் சட்டையும் கொசு விரட்டியும் இருந்தால் அதைச் சமாளிக்கலாம். உச்சி வெயிலுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.

இரயிலிலிருந்து இறங்கி நடக்கும் தூரம்

நேரத்துக்கு அடுத்தது போக்குவரத்து. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது சட்டம். கார் வைத்திருப்பவர்களும் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையை 2020 ஜனவரி முதல் பயன்படுத்தியாக வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் உள்ள நால்வர் குடும்பத்துக்கு இரயிலும் பேருந்தும்தான் வழி.

வேலைக்குப் போவதற்காக மாதம் 50 வெள்ளிக்கு மை50 அட்டை வாங்கும் பெற்றோருக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குத் தனிச் செலவு கிடையாது. அந்த அட்டையால் எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் கே.எல். பேருந்து ஆகியவற்றில் 30 நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். சிறு குழந்தைகளுக்கும் மாணவர்களுக்கும் உள்ள சலுகையை முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தலைநகரின் மையப் பகுதியில் கோ கே.எல். பேருந்து மலேசியர்களுக்கு இலவசம்.

இந்த அட்டையை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம்? கே.எல்.சி.சி. பூங்கா எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 50 ஏக்கரில் நிழல் மரங்களும், பெரிய விளையாட்டுத் திடலும், சிறுவர் கால் நனைக்கும் குளமும் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. பக்கத்துப் பேரங்காடிக்குள் நுழையாமல் திரும்புவதற்கு மட்டும் பெற்றோருக்கு மன உறுதி வேண்டும். 1888இல் தொடங்கப்பட்ட பெர்டானா தாவரவியல் பூங்கா முன்பு லேக் கார்டன் என்றே எல்லாராலும் அறியப்பட்டது. தேசிய அரும்பொருளகத்துக்கு அருகிலுள்ள எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து அங்கே நடந்து போகலாம். ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தத் தூரம் சற்று அதிகம். அங்குள்ள பறவைப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வீண் அழுகையைத் தவிர்க்கும்.

தேசிய நினைவுச் சின்னத்துக்கு அருகே 66 ஏக்கரில் உள்ள தாமான் துகு, 2018இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கேளிக்கைப் பூங்காவாக மாறவிருந்த அந்த இடம் திட்டம் மாற்றப்பட்டுக் காடாகவே காக்கப்பட்டது. நகரத்தை விட்டு வெளியேறாமலே பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட விரும்புவோருக்கு ஏற்ற இடம். மழை பெய்த மறுநாள் பாதை வழுக்கும். தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில் மூன்றும் சந்திக்கும் நிலையத்திலிருந்து போகலாம். பத்துமலைக்குக் கே.டி.எம். இரயில் கோவில் வாசல்வரை செல்கிறது. 272 படிகளை ஏறி இறங்கும் பிள்ளைக்கு அன்றைய உடற்பயிற்சி முடிந்துவிடும். குரங்குகள் பறிக்கும் என்பதால் உணவுப் பையை மட்டும் மறைத்து வைக்க வேண்டும்.

கார் உள்ளவர்கள் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் பூங்காவுக்கும் போகலாம். ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த அந்தக் காடு, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பாழ்பட்ட நிலத்தையும் மீட்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெளியே வாழ்பவர்களுக்கும் இடங்கள் உண்டு. 1880இல் பழைய ஈயக் குட்டைகளைச் சுற்றி உருவான தைப்பிங் ஏரிப் பூங்கா, மலாயாவின் முதல் பொதுப் பூங்கா. ஈப்போவில் உள்ள சிறுவர் பூங்கா, அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் யார் என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு நல்ல வரலாறும் அங்கே கிடைக்கும்.

ஆற்றங்கரையில் தேவைப்படும் எச்சரிக்கை

விடுமுறை என்றாலே ஆறு, அருவி, கூடாரம் என்று கிளம்பும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களிடையே உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி அருகே கூடார முகாம் ஒன்றின்மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் அடங்குவர். பள்ளி விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்கள் அவை. அந்த முகாமுக்கு உரிமம் இல்லை என்பது பின்னர்தான் பலருக்குத் தெரிந்தது. இரவு தங்கும் இடத்துக்கு உரிமம் உண்டா, அது சரிவின் அடியில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் முன்பணம் கட்டக்கூடாது.

அருவிகளில் இருக்கும் ஆபத்து 'கெப்பாலா ஆயர்' எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை பெய்திருக்கலாம். தெளிவாக ஓடிய நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, நீர்மட்டம் சிறிதளவு ஏறினாலோ உடனே கரையேற வேண்டும். துணிமணிகளை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையைத் தவிர வேறு எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் நினைக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பட்டியல் நீளமாக இருந்தால் குடும்பம் கிளம்பாது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மாற்றுச் சட்டை, பாய், கொசு விரட்டி, ஒட்டுக்கட்டு, குப்பைப் பை போதும். உணவுக்குப் புளிச்சோறு ஏற்றது. தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக்கும், தேங்காய்ச் சட்டினியும் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். அவற்றைக் காலையிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

பூங்காவுக்குள் நுழைந்ததும், காணாமல் போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓர் அடையாளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவது நல்லது. சிறு பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைக்கலாம். சறுக்குமரத்தில் ஏற்றும் முன் புறங்கையால் தொட்டுப் பார்த்தால், சூடு தாங்குமா என்று தெரிந்துவிடும்.

கேட்டுப் பெற வேண்டியவை

குடும்பம் இவ்வளவும் செய்த பிறகும், தீராத பகுதி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரயிலேறிப் போகும் பூங்கா, தினமும் தேவைப்படும் அந்த 60 நிமிடத்தைத் தராது. அதற்கு வீட்டின் கீழேயே திடல் வேண்டும்.

1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி என்பது நாட்டின் திட்டமிடல் இலக்கு. தலைக்கு 20 சதுர மீட்டர். கோலாலம்பூரின் வளர்ச்சியை வழிநடத்தும் 2040 உள்ளூர்த் திட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. எந்த நிலம் பூங்கா, எந்த நிலம் கட்டடம் என்பதை அந்தத் திட்டத்தின் வரைபடம் சொல்கிறது. தங்கள் வீட்டருகே உள்ள திடல் அதில் எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்பதைக் குடியிருப்பாளர் சங்கங்கள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். திடல் வாகன நிறுத்துமிடமாக மாறிய பிறகு குரல் கொடுப்பதில் பயன் குறைவு.

தாமான் ரிம்பா கியாரா வழக்கு இதற்குப் பாடம். அந்தப் பூங்கா நிலத்தில் உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப வழங்கப்பட்ட அனுமதியை எதிர்த்து, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் 2017இல் நீதிமன்றம் சென்றனர். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பூங்கா காப்பாற்றப்பட்டது. ஆனால் அதே திட்டத்தில்தான் புக்கிட் கியாரா நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. பூங்கா வேண்டுமா, தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு வேண்டுமா என்று இரண்டு நியாயமான தேவைகளை எதிரெதிரே நிறுத்தியதுதான் அங்கே நடந்த தவறு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாக்குறுதிக்காகக் காத்திருந்த மக்களுக்கு வீடும் வேண்டும், அவர்களின் பிள்ளைகளுக்குத் திடலும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுப்பதை வளர்ச்சி என்று ஏற்க முடியாது.

நிலம் கிடைத்தால் மட்டும் போதாது. நிழல் மரம், திறந்திருக்கும் கழிப்பறை, எரியும் விளக்கு, உடையாத ஊஞ்சல் ஆகியவை இருந்தால்தான் தாய்மார்கள் வருவார்கள். பேரங்காடி ஏன் வெல்கிறது என்பதற்கான பட்டியலையே கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகமும் சிலாங்கூர் ஊராட்சி மன்றங்களும் கையில் எடுத்துக்கொள்ளலாம். உடைந்த சறுக்குமரத்தைப் படமெடுத்து, திடலின் பெயரும் தேதியும் போட்டு எழுத்துமூலம் புகார் செய்தால், அடுத்த கூட்டத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினரிடம் கேட்க ஓர் ஆதாரம் இருக்கும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து எழுதினால் அதற்குப் பலம் கூடும்.

சமூக அமைப்புகளாலும் நிறைய செய்ய முடியும். 2023 ஜனவரி முதல் வாராந்திர வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டாலும், மிகை நேர வேலையை நம்பி வாழும் பாதுகாவலர்களுக்கும் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் ஞாயிறு ஓய்வு உறுதியில்லை. அப்பா இரவு வேலை முடிந்து தூங்கும் வீட்டில், பிள்ளைகளை யார் அழைத்துப் போவது? தோட்டத்தில் அடுத்த வீட்டு அக்காள் செய்த அந்த வேலையை, அடுக்குமாடியில் ஒரு சிறு குழு செய்யலாம். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோவில் நிர்வாகமோ மாதம் இருமுறை காலை 7 மணிக்குப் பிள்ளைகளைத் திரட்டி, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, 10 மணிக்கு வீட்டில் விட்டுவிடலாம். இதற்கு மண்டபம் தேவையில்லை, மேடை தேவையில்லை, பொன்னாடை தேவையில்லை. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், நம்பத்தக்க பெரியவர்கள் ஆகியவை இருந்தால் போதும். ஆண்டுக்கொருமுறை நடக்கும் குடும்ப தினத்துக்கு ஆகும் செலவில், இத்தகைய காலைகளை ஆண்டு முழுவதும் நடத்திவிடலாம்.

அடுத்த விடுமுறையில் பேரங்காடி எங்கும் ஓடிப்போகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போவதிலும் தவறில்லை. மீதமுள்ள ஞாயிறுகளில் ஒன்றையாவது, காலை 7 மணிக்கு, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பிள்ளைகளின் கால் மண்ணில் பட விட்டுப் பார்க்கலாம். அப்படிப் போகும் குடும்பங்கள் பெருகினால், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆளும் பெருகும்.